ஆகாயத்தில் முதல் வகுப்பு
(லப்பைக்குடிக்காட்டில் ஆற்றிய சொற்பொழிவு)



வெள்ளாற்றங்கரையிலுள்ள இவ்வூரில் கடல் கடந்து பிழைக்கப் போனவர் இல்லாத வீடு அரிது. ஆகவே தூர தேச விமானத்தில் முதல் வகுப்புக்குக் கொடுக்கும் பணம் தகுமா என்பது பெரிய மனிதர் விஷயம், நமக்கென்ன என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

1926-ல் கட்டிய ரஜூலா என்னும் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1973 வரை போய்வந்தது. அறையில் கட்டில் கொண்டவர் சிலர். தளத்தில் பாய் விரித்துக் கிடந்தவர் ஆயிரக்கணக்கானோர். இருவரும் கரை சேர்ந்தது ஒரே நாளில்தான்.

ஆகாயத்திலும் அப்படியே. 1976-ல் தொடங்கி 2003-ல் நின்றுபோன கான்கார்ட் விமானம் லண்டனிலிருந்து நியூயார்க்குக்குச் சுமார் மூன்றரை மணியில் போயிற்று. அங்கே பணம் காலத்தை வாங்கிற்று. முதல் வகுப்போ ஆகாயத்தில் ஒரு நிமிஷத்தையும் வாங்குவதில்லை.

பின் எதைத்தான் வாங்குகிறது? தூக்கத்தை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பது கஷ்டமல்ல என்று நாம் சொல்ல வரவில்லை. வயோதிகரும், நோயாளியும், இறங்கியவுடன் வேலை பார்க்க வேண்டியவரும், கையில் பணமிருந்தால், படுக்க இடம் வாங்குவது நியாயமே. ஆனால் 2000-ம் வருஷத்திலிருந்து, ஒரு படி கீழேயுள்ள பிசினஸ் வகுப்பிலேயே காலை நீட்டிப் படுக்கும் ஆசனம் வந்துவிட்டதே! அதற்குமேல் கொடுக்கும் பணம் எதற்கு? கதவு வைத்த அறைக்கு. எமிரேட்ஸ் கம்பெனியின் இரண்டடுக்கு விமானத்தில் ஐந்து நிமிஷத் தண்ணீரில் ஒரு குளியலுக்கு. வெள்ளாற்றில் தண்ணீர் வரும் நாளில் அந்தக் குளியல் இங்கே இனாம்!

மீதியெல்லாம் திரைக்குத்தான். திரைக்கு அப்பால் இருப்பவன் மேலானவன், இப்பால் இருப்பவன் கீழானவன் என்ற எண்ணம் நம் நாட்டாருக்குப் புதிதா? 2009-ல் மந்திரிகள் சிக்கனமாகச் சாதாரண வகுப்பில் போக வேண்டுமென்று டில்லி சர்க்கார் சொன்னபோது, மந்திரி சசி தரூர் அதை "மாட்டு வகுப்பு" என்று எழுதிவிட்டுப் பிறகு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. மாட்டைக் கும்பிடுகிற தேசத்தில் மாட்டு வகுப்பென்றால் இழிவாம்! இந்த வேடிக்கை இருக்கட்டும். வரி கொடுப்பவன் பணத்திலோ கம்பெனிப் பணத்திலோ போகிறவனுக்கு முதல் வகுப்பு எப்போதும் தகும். சொந்தச் சம்பளத்தை எண்ணி வைக்கும்போதல்லவா கணக்குத் தெரியும்!

மற்றொரு புரட்டும் உண்டு. காலில் இரத்தம் உறையும் நோயைச் "சாதாரண வகுப்பு வியாதி" என்று பேர் வைத்துப் பயமுறுத்துகிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சிப்படி, நாலு மணிக்குமேல் அசையாமல் உட்கார்ந்து போவதால் அந்த அபாயம் சுமார் இருமடங்காகிறது. பஸ்ஸிலும் ரயிலிலும்கூட அப்படித்தான். குற்றம் அசையாமலிருப்பதில், டிக்கட்டில் அல்ல. திருச்சியில் விமானம் ஏறும் நம் தோழர்கள் நடைவழி ஓரத்து ஆசனம் கேட்டு வாங்கி, அடிக்கடி எழுந்து நடக்கட்டும். அந்த ஆசனத்துக்கென்று சில கம்பெனிகள் தனியாகச் சில நூறு ரூபாய் கேட்கின்றன. அதைக் கொடுக்கலாம்.