வாய்க்கால் மாறிய நரம்பு



புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களை நம்பி வாழும் சீமை என்பதை நீங்கள் அறிவீர்கள். கவிநாட்டுக் கண்மாய்க் கீழ் ஒரு வயலுக்குரிய வாய்க்கால் மடையோடு பெயர்ந்துபோயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிர் நிற்கிறது, மண்ணும் நல்ல மண், நீர் மட்டும் வரவில்லை. அப்போது உழவர் என்ன செய்வார்? பக்கத்து வயலின் வாய்க்காலில் சிறு வெட்டு வெட்டிக் கொஞ்சம் நீரைத் திருப்பிக்கொள்வார். நான் இன்று பேசப்போகும் நரம்பு மாற்று அறுவையும் ஏறத்தாழ இதுவே.

நம் கழுத்துப் பகுதியில், முதுகுத்தண்டிலிருந்து பக்கத்திற்கு ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு, ஒன்றோடொன்று பின்னிப் பின்பு கிளைத்துக் கை முழுவதும் பரவுகின்றன. மேல்வேர்கள் தோளையும் முழங்கையையும் ஆள்கின்றன. கீழ்வேர்கள் விரல்களை ஆள்கின்றன. திருச்சி சாலையில் ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்படுகிறான். தலை ஒருபுறமும் தோள் மறுபுறமும் இழுபட, வேர்கள் தண்டிலிருந்தே பிடுங்கிக்கொள்கின்றன. எலும்பு முறியாமலே இருக்கலாம். கை மட்டும் ஈரத்துணிபோல் தொங்கும். காளையை அணையும் கைகளுக்குப் பேர்போன மாவட்டம் இது. ஆயினும் இத்தகைய காயம் வாடிவாசலைவிடச் சாலையிலேயே மிகுதியாக நேர்கிறது.

பிடுங்கப்பட்ட வேரை மீண்டும் தண்டில் நட்டுப் பயன்காண்பது அரிது. ஆகவே வேறு வழி தேடவேண்டியதாயிற்று. இதற்கு முன்னோடியான எண்ணம் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே செயலாகியது. 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் நரம்பு கெட்டு மடங்கிப்போன விரல்களை 1940களின் பிற்பகுதியில் நிமிர்த்திக் காட்டினார். கெடாத தசை ஒன்றின் நாணை எடுத்து விரல்களில் பொருத்தினார். அவர் இடம் மாற்றியது தசைநாணை. நரம்பு மாற்றிலோ தசை தன் இடத்திலேயே இருக்கிறது. அதற்கு ஆணை வரும் வழிதான் மாறுகிறது.

1994ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு அறுவை வல்லுநர் ஒபர்லின் வெளியிட்ட முறையைப் பாருங்கள். முழங்கையை எதிலேனும் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் ஒரு கூச்சம் ஓடுகிறதன்றோ? அந்நரம்புதான் அல்நார் நரம்பு. அது ஒற்றை நூலன்று. பல புரிகள் சேர்ந்த கயிறு. மேல்வேர்கள் மட்டும் அறுந்தவர்க்கு இந்நரம்பு நலமாக இருக்கும். மேற்கையைத் திறந்து, மெல்லிய மின்தூண்டலால் ஒவ்வொரு புரியையும் சோதித்து, மணிக்கட்டை மடக்கும் புரி ஒன்றைத் தேர்ந்து வெட்டுகிறார்கள். அருகிலேயே முண்டாத் தசைக்குச் செல்லும், உயிரற்றுப்போன கிளை இருக்கிறது. மயிரினும் மெல்லிய இழையால், நுண்ணோக்கியின் கீழ், இரண்டையும் சேர்த்துத் தைக்கிறார்கள். ஒரு புரி போனதால் கையின் வலிமை குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை.

இங்கே கணக்கு ஒன்று உண்டு. கணக்கில் விருப்பமுள்ளோர் கவனியுங்கள். நரம்பிழை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். கழுத்திலிருந்து முண்டாத் தசைக்கு 30 சென்டிமீட்டர் எனக் கொண்டால், அங்கிருந்து வளர்ந்து வருவதற்கு 300 நாள் ஆகும். தசையோ காத்திராது. ஆணை பெறாத தசை, ஓராண்டு ஒன்றரையாண்டில் நரம்பை ஏற்கும் திறனை இழந்து நாராகிவிடும். தசைக்கு அருகிலேயே, சில சென்டிமீட்டர் தொலைவில் இணைத்தால் சில மாதங்களிலேயே முதல் துடிப்பைக் காணலாம். காய்ந்த பயிருக்குப் பின்னர் வரும் நீரால் பயன் என்ன?

ஆனால் நம் ஊர்களில் நடப்பது யாது? எண்ணெய் தேய்ப்பதிலும், கட்டுப் போடுவதிலும், "தானே சரியாகும்" என்று அயலார் சொல்லும் ஆறுதலிலும் ஆறேழு மாதங்கள் கழிந்துவிடுகின்றன. தானே தேறும் கைகளும் உண்டென்பது மெய்யே. அதனாற்றான் மருத்துவரும் மூன்று மாதம்வரை பார்ப்பதுண்டு. ஆனால் அது சோதனைகளோடு காத்திருத்தல். நாட்களைத் தொலைத்தல் அன்று. ஆறு மாதத்திற்குள் அறுவை செய்வதையே வல்லுநர் விரும்புகின்றனர். தொலைதூரம் செல்லவும் வேண்டியதில்லை. கோயம்புத்தூர்க் கங்கா மருத்துவமனையில் இவ்வறுவை நடைபெறுகிறது.

ஐந்து வேர்களும் போய்விட்டால்? கையில் கடன் கேட்க நரம்பே இல்லை. அப்போது விலா எலும்புகளுக்கிடையே மூச்சுக்கு உதவும் நரம்புகளை எடுத்து முண்டாத் தசைக்குத் தருகிறார்கள். முழங்கை மடங்கும், விரல்களை மீட்பது மட்டும் இன்றும் கடினமே.

மூளைக்கு இம்மாற்றம் உடனே தெரிவதில்லை. ஒபர்லின் முறையில் தைக்கப்பெற்றவர், தொடக்கத்தில் முழங்கையை மடக்க வேண்டுமானால் கைவிரலை இறுகப் பொத்த வேண்டும். விலா நரம்பு தரப்பெற்றவரோ மூச்சை ஆழ இழுக்க வேண்டும். மாதக்கணக்கான பயிற்சிக்குப் பின்னரே, நினைத்த அளவில் கை மடங்கும். அதுவரையில், பாவம், அவர் இருமினாலும் தும்மினாலும் கை தானே மேலெழும்பும்.