மடத்துத் தோட்டத்தில் கால்மணி நேரம்



மறைபரப்பாளர் புனித சவேரியாரைப் பற்றி இந்தக் கடற்கரையில் நின்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். சுடுமணலில் ஊர் ஊராக நடந்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544 சனவரியில் கடிதம் எழுதினார். 1552இல் சீனாவின் வாசலில், சான்சியன் தீவில் உயிர்விட்டார். நடந்தே தேய்ந்த மனிதர் அவர்.

அப்படிப்பட்டவருக்குச் சரிசமமாக, 1927 டிசம்பர் 14ஆம் நாள், திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் இன்னொருவரை மறைபரப்புப் பணியின் பாதுகாவலராக அறிவித்தார். யாரை? பிரான்சு நாட்டில் லிசியே என்ற சிறு நகரத்தில், ஒரு கார்மேல் மடத்தின் மதிலுக்குள் ஒன்பதரை ஆண்டு இருந்துவிட்டு, 24 வயதில் காசநோயில் இறந்துபோன ஒரு பெண்ணை. நாம் சிறுமலர் என்கிறோமே, அந்தக் குழந்தை தெரேசாளை. ஒருவருக்கும் அவர் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. மறைபரப்பு நாடு எதையும் கண்ணால் பார்க்கவில்லை. இது என்ன கணக்கு? சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் நான் இதைக் கேட்டதற்கு, குறும்பு பேசாதே என்று காதைத் திருகினார்கள். பதில் மட்டும் கிடைக்கவில்லை.

பதிலைத் தேடி அவர் வாழ்க்கையைப் படித்தால், முதலில் சிரிப்புத்தான் வருகிறது. மடத்துக்குள் மறைந்துபோக வேண்டும் என்பதற்காக அந்தப் பெண் செய்த ஆர்ப்பாட்டம் கொஞ்சநஞ்சமல்ல! வயது போதாது என்றார்கள். ஆயரிடம் போனார். பிறகு ரோமுக்கே போய், 1887 நவம்பரில், 14 வயதில், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் காலடியில் முழந்தாளிட்டு, பேசக்கூடாது என்ற கட்டளையை மீறி, நேரடியாகக் கேட்டார். எழுந்திருக்க மறுத்தவரைக் காவலர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். 1888 ஏப்ரல் 9 அன்று கதவு திறந்தது. உள்ளே போனார். மூடியது.

உள்ளே என்ன நடந்தது? துணி துவைத்தார், தாழ்வாரம் கூட்டினார், சில்லறை வேலை பார்த்தார். அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாலைத் தியானத்தில் அவருக்குப் பின்னால் ஒரு சகோதரி அமர்வார். அவரிடமிருந்து ஓயாமல் ஒரு சத்தம் வரும், இரண்டு கிளிஞ்சல்களை ஒன்றோடொன்று உரசினாற்போல. கிளிஞ்சல் சத்தம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். தெரேசாளுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிடுமாம். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், சத்தம் நின்றுவிடும். அவர் பார்க்கவில்லை. கேட்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை. கடைசியில் அந்தச் சத்தத்தையே ஒரு சங்கீதமாகக் காது கொடுத்துக் கேட்டு, அதையே ஆண்டவருக்குக் காணிக்கையாக்கினார். அன்றைய தியானம் அதுதான். செபம் என்றால் வானம் திறந்து ஒளி இறங்குவது என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இதுதான் நம்பும்படியாக இருக்கிறது.

இங்கே ஒரு வார்த்தை இடையில் சொல்லிவிடுகிறேன். மறைந்து வாழ்வதன் மகிமை என்று மேடையில் பேசுவது ஆண்களுக்கு மிகவும் வசதியான பேச்சு. கைதட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அங்கே அடுப்படியில் இருப்பவளிடம், பார்த்தாயா, மறைந்து கிட, அதுதான் புண்ணியம் என்போம். ஐயா, தெரேசாளை யாரும் மதிலுக்குள் தள்ளவில்லை. ரோமாபுரி வரை போய்ப் போராடிக் கேட்டு வாங்கியது அந்த மறைவு. தானாக எடுத்துக்கொண்டதும் பிறர் தலையில் கட்டியதும் ஒன்றல்ல.

சரி, சவேரியாருக்கு வருவோம். தெரேசாளுக்கும் நடந்து போக ஆசைதான். லிசியே மடத்தார் 1861லேயே சைகோனில் ஒரு கார்மேல் மடம் தொடங்கியிருந்தார்கள். ஹனோய் மடத்துக்குப் போக இவருக்கு மனசு இருந்தது. உடம்பு விடவில்லை. செபத்தால் தாங்கும்படி இரண்டு சகோதரர்கள் இவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தார்கள். ஒருவர் சீனாவுக்குப் போகும் குரு, மற்றவர் குருத்துவ மாணவர். அவர்களுக்குக் கடிதம் எழுதினார்.

நோய் முற்றியபோது, தினமும் கால்மணி நேரம் தோட்டத்தில் நடந்தால் நல்லது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் அடி எடுத்து வைக்கவே முடியாமல் அவர் நடப்பதைப் பார்த்த ஒரு சகோதரி, போய்ப் படுத்துக்கொள்ளலாமே, இது ஓய்வா, வதையா என்று கேட்டார். தெரேசாள் சொன்ன பதிலின் சாரம் இது: நான் ஒரு மறைபரப்பாளருக்காக நடக்கிறேன், எங்கோ தூரதேசத்தில் ஒருவர் கால் ஓய்ந்துபோயிருப்பார், அவர் களைப்புக் குறையட்டும் என்று என் களைப்பைக் கொடுக்கிறேன். சவேரியார் நடந்த நடையும் இதுவும் ஒரே கணக்கில் எழுதப்பட்டது எப்படி என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது இந்த இடத்தில்தான்.

இதை ஏதோ இனிப்பான பக்தி என்று எண்ணிவிடாதீர்கள். சுரூபத்தில் ரோசாப்பூவை அணைத்துக்கொண்டு சிரிக்கிறாரே, அந்த முகத்துக்குப் பின்னால் கடைசி ஒன்றரை ஆண்டு கும்மிருட்டு. 1896 உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் தொடங்கியது. மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற சந்தேகம் அவரைக் கவ்விக்கொண்டது. அதோடுதான் செபித்தார், அதோடுதான் 1897 செப்டம்பர் 30 அன்று கண்ணை மூடினார்.

அவர் நோயில் கிடந்தபோதே மடத்தில் ஒரு பேச்சு எழுந்தது. கார்மேல் மடங்களில் ஒரு சகோதரி இறந்தால், அவர் வாழ்க்கையைச் சுருக்கி எழுதி மற்ற மடங்களுக்கு அனுப்புவது வழக்கம். இவரைப் பற்றி என்னத்தை எழுதுவது, இவர்தான் ஒன்றும் செய்யவில்லையே என்று ஒரு சகோதரி கவலைப்பட்டார்! அந்தச் சுருக்கத்துக்கு மாற்றாகத்தான் தெரேசாளே எழுதி வைத்திருந்த தாள்களைச் சேர்த்து ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’ என்று 1898இல் 2,000 படிகள் அச்சிட்டார்கள். 1925இல் புனிதர் பட்டம், 1997இல் மறைவல்லுநர் பட்டம். மறைந்துபோகப் போனவர் உலகமெங்கும் தெரிந்துபோனார்.

அப்படியானால் உண்மையில் மறைந்து வாழ்ந்தது யார்? எனக்கு அந்தப் பின்வரிசைச் சகோதரியின் நினைவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கிளிஞ்சல் சத்தத்தைப் பற்றி எழுதிய பக்கத்தில் தெரேசாள் அவர் பெயரை எழுதவில்லை. தன்னிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வருகிறது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. அவரும் அதே குளிரில், அதே இருட்டில் முழந்தாளிட்டு அமர்ந்திருந்தார். யாருக்காகச் செபித்துக்கொண்டிருந்தாரோ.