இடுப்பைச் சுற்றிய நாடாவும் இரத்தத்தில் ஓடும் கொழுப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி மதரஸா வளாகத்தில் நடைபெற்ற இரத்தப் பரிசோதனை முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவரைப் பக்கத்தில் அமர்த்திவிட்டு மருத்துவம் பேசும் துணிவு இவருக்கு எங்கிருந்து வந்தது என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. இந்த மஹல்லாவில் மையித்தைக் குளிப்பாட்டும் கடமையில் நாம் பல ஆண்டுகளாக உடன் நிற்கின்றோம். சென்ற ஆண்டு நாற்பத்திரண்டே வயதான ஒரு சகோதரருக்கு அக்கடமையைச் செய்தோம். இரவு கடையை அடைத்துவிட்டு வீடு திரும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்; மருத்துவமனை வாசலை அடையுமுன் முடிந்துவிட்டது. ஜனாஸாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஹஜ்ரத், ஆள் ஒல்லியாத்தானே இருந்தார்? அவருக்கு எப்படி ஹார்ட் அட்டாக்?"

குளிப்பாட்டும்போது கண்டதை வெளியில் சொல்வது முறையன்று. ஆகவே அவரைப் பற்றிப் பேசாமல், நம்மைப் பற்றியே பேசிக்கொள்கின்றோம்.

அந்த வாரமே நாமும் இரத்தம் கொடுத்தோம். அச்சம்தான் காரணம். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 64 கிலோ. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். நமக்கு 22.7 வந்தது. இந்தியருக்கு 23க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், தேறிவிட்டோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 196. 200க்குள் என்பதால் அதிலும் தேறிவிட்டோம். அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப்போன நம்மை மருத்துவர் நிறுத்தி, வேறு இரண்டு எண்களைச் சுழித்துக் காட்டினார். ட்ரைகிளிசரைடு 248, அது 150க்குள் இருக்க வேண்டும். எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு 34. ஆண்களுக்கு அது 40க்கும் பெண்களுக்கு 50க்கும் குறையலாகாது. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தையல்காரரின் நாடாவைப் போன்ற ஒன்றை எடுத்து நம் வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். மூச்சை உள்ளிழுத்துக்கொண்டோம். "ஹஜ்ரத், மூச்சை விடுங்க" என்றார். விட்டோம். 94 சென்டிமீட்டர்!

நம் நாட்டு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. ஐரோப்பிய ஆணுக்கு 94 வரை விட்டுக்கொடுக்கிறார்கள், நமக்குக் கொடுப்பதில்லை. இதில் பாரபட்சம் ஏதுமில்லை. புனே நகரின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. தராசு இருவரையும் ஒன்றென்றே சொல்லியது. ஒல்லி என்று நாம் சொல்லும் சொல்லின் இலட்சணம் இதுதான்.

வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதன்று. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலம் நேரே கல்லீரலுக்குச் செல்கின்றது. கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடாகக் கட்டி இரத்தத்தில் அனுப்புகின்றது. அளவுக்கு மிஞ்சிய சோறும் சர்க்கரையும் அங்கே அவ்வாறே மாறுகின்றன. வலீமா விருந்து முடிந்ததும் நெய்யை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, மூன்று முறை வாங்கிய சோற்றை விடுதலை செய்துவிடுகின்றோம். ட்ரைகிளிசரைடு ஏற ஏற, எச்.டி.எல். இறங்குவது வழக்கம். மொத்தக் கொலஸ்ட்ரால் அமைதியாக 200க்குள் இருக்க, உள்ளே இது நடக்கும். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வின் முடிவு 2014இல் வெளியாயிற்று. மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர் 13.9 விழுக்காடே, எச்.டி.எல். குறைந்தவரோ 72.3 விழுக்காடு!

இனி நடையைப் பற்றி. இதற்கு லண்டன் மாநகரின் இரட்டைத் தட்டுப் பேருந்துகளிடம் செல்ல வேண்டும். ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் அங்கே 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளரை ஆராய்ந்து 1953இல் எழுதினார்கள். ஒரே பேருந்து, ஒரே புகை. ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார்; நடத்துநரோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 படிகள் ஏறுகிறார். மாரடைப்பு ஓட்டுநருக்கே அதிகம் வந்தது. அதிலும் திடீர் மரணம் அவருக்கே கூடுதல். பின்னர் 1956இல் மோரிஸ் ஒரு வேலை செய்தார். போக்குவரத்துக் கழகம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநரின் கால்சட்டை இடுப்பு பெரிதாக இருந்தது. "பார்த்தீர்களா, பருமன்தான் காரணம், நடையன்று" என்று பலர் கூறினர். ஆனால் இடுப்பளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதும், பருத்த நடத்துநருக்குப் பருத்த ஓட்டுநரைவிட ஆபத்து குறைவாகவே இருந்தது. தொப்பை கரையாவிட்டாலும் கால் நடந்தால் பயன் உண்டு என்பது அதனால் விளங்கிற்று.

நேர்மையாக மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1967இல் ஆலிவர் என்பவர் இளம் பேருந்துத் தொழிலாளரை ஆராய்ந்தார். பணியின் தொடக்கத்திலேயே இரு சாராருக்கும் உடலமைப்பிலும் இரத்தக் கொழுப்பிலும் வேறுபாடு இருந்தது தெரியவந்தது. உட்காரும் வேலையைத் தேடி வருபவரே சற்றுப் பருத்தவரோ என்ற ஐயம் எழுந்தது. ஆகவே பேருந்துக் கணக்கு ஒன்றே தீர்ப்பாகாது. பின்னர் வந்த பயிற்சி ஆய்வுகள் நடையின் பயனை நேரடியாகவே காட்டின. உழைக்கும் தசை தன் நொதியால் இரத்தத்திலுள்ள ட்ரைகிளிசரைடை உடைத்து எரிபொருளாக்கிக்கொள்கின்றது. இந்தப் பயன் ஓரிரு நாளே நிற்கும். வாரம் முழுதும் அமர்ந்திருந்துவிட்டு ஞாயிறு மட்டும் பத்து கிலோமீட்டர் நடப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

லண்டன்காரருக்குச் சீருடையில் இடுப்புக் கணக்கு இருந்தது. நமக்கோ கைலி! கைலிக்கு அளவே இல்லை. ஆளோடு சேர்ந்து தானும் விரிந்துகொடுக்கும் உடை அது. கால்சட்டை அணிவோரும் அதைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு இன்னமும் 34தான் என்கிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சு விட்டபின், நாடாவை இறுக்காமல் பிடித்துப் பார்க்க வேண்டும்.

"ஐவேளை தொழுகிறோமே ஹஜ்ரத், அது போதாதா?" என்று கேட்கிறார்கள். தொழுகை இபாதத்; அதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள். பள்ளிக்கு வரும் வழியை வேண்டுமானால் எழுதலாம், நடந்து வந்தால்! அடுத்த தெருவிலிருந்து வருவோரின் மோட்டார் சைக்கிள்களால் பள்ளி வாசலில் கால் வைக்க இடமில்லை. நம் நிலை அதனினும் மோசம். அறையிலிருந்து மிஹ்ராபுக்கு முப்பது அடிகூட இல்லை.

வாரத்திற்கு 150 நிமிடமேனும் சுறுசுறுப்பாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் எட்டு மாதம் நடந்தோம். இரவுச் சோற்றைப் பாதியாக்கினோம். இடுப்பு 90 ஆயிற்று. ட்ரைகிளிசரைடு 171க்கு இறங்கிற்று. எச்.டி.எல். 37 மட்டுமே, அது மெல்லத்தான் ஏறும் என்றார் மருத்துவர். எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்போ ஏறத்தாழ அப்படியே நின்றது. நடையால் அது அதிகம் குறைவதில்லை. ஆகவே எல்.டி.எல்.லுக்காக மாத்திரை உண்போர், அதிலும் குடும்ப வழியாக அது மிகுந்திருப்போர், இந்த உரையைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மருத்துவர் நம்மீது வழக்குத் தொடுத்துவிடுவார்.

இறுதியாக நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். ஆண்கள் பஜ்ருக்குப் பின் கடற்கரைச் சாலையில் நடந்துவிடுகிறோம். நம் வீட்டுப் பெண்கள் எங்கே நடப்பார்கள்? அடுப்படியில் நாள் முழுதும் நிற்கிறார்கள் என்பது உண்மை, நிற்பது நடையாகாது. இந்த மதரஸா முற்றம் காலை மக்தப் முடிந்தபின், 10 மணி முதல் லுஹர் வரை பூட்டிக் கிடக்கின்றது. சுற்றுச்சுவர் உயரமானது, வேப்பமர நிழலும் உண்டு. ஒரு சுற்று 140 எட்டுகள் என்று நாமே நடந்து எண்ணிப் பார்த்தோம். சாவியைப் பொறுப்பேற்க மோதினாரின் வீட்டார் இசைந்துள்ளார்கள். அளவு நாடா ஒன்றையும் அங்கே மாட்டி வைக்கலாம். இன்றிரவுக் கூட்டத்தில் நிர்வாகம் சரியென்றால் சனிக்கிழமையே கதவைத் திறந்துவிடலாம். வஸ்ஸலாம்.