ஒரு கால் மட்டும் வீங்கினால்

புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்தவள் என்று என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். நோயாளியைப் பற்றி டாக்டர்கள் பேசுவார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவளிடம் பேச வந்திருக்கிறேன். அவள் பெரும்பாலும் நம்மில் ஒருத்திதான்.

புற்றுநோய் வந்தவர்களுக்கு ரத்தம் சீக்கிரம் உறையும். அந்தக் கட்டியே அதற்குக் காரணம். அதோடு கீமோ மருந்து, ஆபரேஷன், அசையாமல் படுத்திருப்பது எல்லாம் சேர்ந்தால், காலுக்குள் இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். பிரான்சில் துரூஸோ என்ற டாக்டர் 1865-லேயே இதைச் சொல்லிவிட்டார். பிறகு அவருக்கே ரத்தம் உறைந்தபோது, தனக்கும் புற்றுநோய் என்று அதை வைத்தே தெரிந்துகொண்டாராம்.

ஒரு கால் மட்டும் வீங்கும், கெண்டைச்சதை வலிக்கும், தொட்டால் சூடாக இருக்கும். நாம உடனே என்ன செய்வோம்? எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு உருவி விடுவோம். "படுத்தே கிடக்காரு சிஸ்டர், ரத்தம் ஓடட்டும்னுதான்" என்று ஒரு அம்மா சொன்னார். பாசத்தில் செய்கிறதுதான். ஆனால் உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிரே போகலாம். நிறுத்தச் சொல்லி, டாக்டரைக் கூப்பிட்டு டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். தொடை வரைக்கும் அடைப்பு இருந்தது. மருந்து கொடுத்தார்கள், அவர் நடந்துதான் வீட்டுக்குப் போனார்.

திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வலித்தால், காலையில் டாக்டர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் சிஸ்டரை எழுப்புங்கள். வீட்டில் என்றால் 108.

ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலுக்கடியில் ஹெப்பாரின் வகை ஊசி போடுவார்கள். ரத்தக்கசிவு இருப்பவர்களுக்குப் போட மாட்டார்கள். அதை டாக்டர் பார்த்து முடிவு செய்வார். வயிற்றிலோ அடிவயிற்றிலோ புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்களில் பலருக்கு 4 வாரம் வரை வீட்டிலும் போடச் சொல்வதுண்டு. காசு இல்லாமல் பாதியில் நிறுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்காக ஒருத்தி குழுவில் அவசரக் கடன் கேட்டு வந்தால், "ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டுவிடாதீர்கள்.

ஊசி ஓடும் நாட்களில் ஈறில் ரத்தம் வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ உடனே ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது. எப்படிப் போடுவது என்று காட்ட ஒரு காலி சிரிஞ்சு எடுத்து வந்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பந்தல் ஓரத்தில்தான் இருப்பேன்.