நட்பு வேறு, நியதி வேறு



களத்தில் தோளோடு தோள் நின்ற நண்பர்கள் கணக்கேட்டைத் தனித்தனியே எழுதினால் என்ன நேரும் என்பதை அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளும் நமக்குக் காட்டியுள்ளன.

2022 பெப்ரவரி 24 ஆம் நாள் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒன்றுபட்டே ரஷ்யா மீது தடை விதித்தன. ஆயினும் சுமை சமமாக விழவில்லை. 2021 இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் 40 சதவீதத்துக்கு மேல் ரஷ்யாவினுடையது. அமெரிக்காவோ எரிவாயுவை ஏற்றுமதி செய்யும் நாடு. 2022 ஆகஸ்டில் ஐரோப்பாவின் எரிவாயு விலை, 2021 தொடக்கத்தில் இருந்ததைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஏறிற்று. எரிவாயுவிலிருந்து அமோனியா, அமோனியாவிலிருந்து யூரியா. அங்குள்ள உரத் தொழிற்சாலைகள் உற்பத்தியைக் குறைத்தன. அதன் பொருளை உழவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பணவீக்கம் 2022 ஜூனில் அமெரிக்காவில் 9.1 சதவீதத்தையும், ஒக்டோபரில் யூரோ நாடுகளில் 10.6 சதவீதத்தையும் தொட்டது.

அவ்வேளையில், 2022 ஆகஸ்ட் 16 இல், சனாதிபதி பைடன் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் ஒப்பமிட்டார். பெயர் எதுவாயினும், அதன் பெரும்பகுதி காற்று, சூரிய ஒளி, மின்கலம் ஆகிய தொழில்களை வளர்க்கும் சலுகைகளே. நோக்கம் நன்று. ஆனால் மின்சாரக் கார் வாங்குவோர் 7,500 டொலர் வரையிலான வரிச் சலுகையைப் பெற, அக்கார் வட அமெரிக்காவில் பொருத்தி முடிக்கப்பட்டிருக்க வேண்டியிருந்தது. மின்கலப் பாகங்களுக்கும் இத்தகைய நிபந்தனை இருந்தது. ஜேர்மனியில் செய்த கார் நண்பனுடைய காராக மதிக்கப்படவில்லை.

உள்நாட்டுப் பொருளையே பயன்படுத்த வேண்டும் என்னும் நிபந்தனையோடு மானியம் வழங்குவதை உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கை தடைசெய்கிறது. ஐரோப்பா முறையிட்டதேயன்றி வழக்கிடவில்லை. வழக்கிட்டுத்தான் பயன் என்ன? உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்தமையால், அவ்வமைப்பின் மேன்முறையீட்டு மன்று 2019 டிசம்பரிலேயே செயலிழந்துவிட்டது. மன்றின் கதவை அடைத்தவனிடமே நியாயம் கேட்பது எங்ஙனம்?

சலுகையும் நிலைக்கவில்லை. 2025 ஜூலை 4 இல் சனாதிபதி ட்ரம்ப் ஒப்பமிட்ட சட்டம், கார்ச் சலுகையை அவ்வாண்டு செப்டெம்பரோடு முடித்தது. அதே ஜூலை 27 இல் ஸ்கொட்லாந்தில் ஓர் உடன்பாடு காணப்பட்டது. ஐரோப்பியப் பொருள்களிற் பெரும்பாலானவற்றுக்கு 15 சதவீதத் தீர்வை. ஐரோப்பா மூன்றாண்டுகளில் 75,000 கோடி டொலருக்கு அமெரிக்க எரிசக்தியை வாங்கும் என்ற வாக்குறுதி. ரஷ்யக் குழாயைத் துறந்தோர் அமெரிக்கக் கப்பலுக்குக் காத்திருக்கலாயினர்.

மலிவான ரஷ்ய எரிவாயுவைப் பல்லாண்டு நம்பியிருந்தது ஐரோப்பாவின் குற்றமே. ஆனால் அதன் விலையை ஐரோப்பா மட்டும் செலுத்தவில்லை. பணம் படைத்தோர் திரவ எரிவாயுக் கப்பல்களைத் தம் துறைமுகங்களுக்குத் திருப்பிய 2022 இல், பாக்கிஸ்தானும் வங்காளதேசமும் அந்த விலைக்கு வாங்க இயலாது மின்வெட்டில் வாடின.

பகைவனிடம் எரிபொருளுக்குக் கையேந்துவது ஆபத்து என்பதை 2022 கற்பித்தது. நண்பனேயாயினும் எழுத்தில் அமைந்த நியதியும், வலியோனையும் கட்டுப்படுத்தும் மன்றும் வேண்டும் என்பதை 2025 கற்பித்தது. அந்நியதியை எழுதும் காலம் தேவை வந்த பின்னரன்று, தேவை வருமுன்னரே. நெருக்கடியில் இருப்பவன் இடும் கையொப்பம் உடன்பாட்டுக்கு அடையாளமன்று; அவனுக்கு வேறு வழியில்லை என்பதற்கே சாட்சி.