சொல்லே பிணையாக

1781ஆம் ஆண்டு சூன் திங்களில், சிதம்பரம் கோயிலை அரணாகக் கொண்டிருந்த ஐதர் அலியின் படையை வெல்லவியலாது ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பின்வாங்கினார். அடுத்த ஆண்டில் கடலூர் பிரெஞ்சியர் வயப்பட்டது. அதே போரில், கொள்ளிடத்திற்குத் தெற்கே தஞ்சைக் கோட்டையைப் பசி சூழ்ந்தது. நாட்டில் தானியம் இருந்தது; ஏற்றிவர மாடுகள் இல்லை. மாடுடையோர் அரசனையும் நம்பவில்லை, கும்பினியாரையும் நம்பவில்லை. ஏமாந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

1750இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்ற சுவார்ட்சு ஐயரை இறுதியில் நாடினர். ஆணையிடாமலே சொல் மெய்யாய் நிற்கவேண்டும் என்பது கிறித்துவ மறையின் நெறி. அவர் நிகழ்த்திய பிரசங்கங்கள் பல. அந்நெறி சோதிக்கப்பட்டதோ மாட்டுக்கூலியில்! தம் கையாலேயே பணம் தருவதாகவும், பகைவர் கவரும் மாட்டிற்கு ஈடு செய்வதாகவும் எத்திசைக்கும் மடல் விடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரத்திற்கு மேற்பட்ட மாடுகள் திரண்டன. உபதேசியார் ஒருவரும் பிற கிறித்துவர்களும் ஊர்ப்புறங்களில் அலைந்து 80,000 கலம் தானியம் கொணர்ந்தனர், கோட்டை பிழைத்தது. பின்னர் ஒவ்வொருவர்க்கும் உரியதைச் சிறு அன்பளிப்போடு கொடுத்துத் தீர்த்தார்.

கொடுமை தாளாது நாடு நீங்கிய உழவர்கள், அரசன் அழைத்தும் திரும்பாதவர்கள், பிற்காலத்தில் அவர் வாக்கை நம்பி ஒரே நாளில் ஏழாயிரவர் ஊர் மீண்டனர்.