பெரியப்பா காரும் ஜல்லி லாரித் தூசியும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

வீட்டுல கார் இருக்கிறவங்க இன்னைக்கு இருட்டினதும் ஒரு வேலை பண்ணுங்க. போய் பானெட் மேல ஃபோன் டார்ச்சை அடிச்சுப் பாருங்க. வெளிச்சத்தைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கீறல் தெரிஞ்சா, அதுக்குப் பேருதான் ஸ்வர்ல் மார்க். உண்மையில அந்தக் கீறல் வட்டமா இருக்காது. எல்லாப் பக்கமும் கன்னாபின்னான்னு ஓடும். லைட்டுக்குக் குறுக்கால இருக்கிறது மட்டும் மின்னுறதால நமக்கு வட்டமாத் தெரியுது.

போன மாசம் நான் இதைப் பார்த்தது உத்திரமேரூர் பக்கத்துல, எங்க பெரியப்பா வீட்டுல. கறுப்பு ஐ20. இதே காஞ்சிபுரம் மாவட்டத்துல, இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரில செஞ்ச வண்டி. ரிட்டயர்மென்ட் பணத்துல செகண்ட் ஹேண்டா வாங்கினாரு. அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புல அந்த வண்டிதான் போகணும்னு ஒரே பிடிவாதம். "டேய், இதைக் கொஞ்சம் பளபளன்னு ஆக்கிக் குடுடா"ன்னு கூப்பிட்டாரு. உத்திரமேரூர் கல்வெட்டுக்குப் பேர்போன ஊரு, தெரியும்ல? டார்ச் அடிச்சா பானெட்லயும் ஒரு கல்வெட்டு இருக்கு.

இத்தனைக்கும் அவர் வண்டியைக் கவனிக்காதவர் இல்ல. தினம் காலைல காபி குடிச்சதும் தோள்ல கிடக்கிற துண்டை எடுத்து, மேல இருந்து கீழ வரைக்கும் தொடைப்பாரு. தண்ணி கிடையாது, வெறும் துண்டு. எட்டு வருஷமா இது நடக்குது. பிரச்சனையே அதுதான்.

அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். சுத்துவட்டாரத்துல கல் குவாரி, கிரஷர் நிறைய. ஜல்லியும் எம்-சாண்டும் ஏத்திக்கிட்டு டிப்பர் லாரி ஓடிக்கிட்டே இருக்கும். வீட்டுத் திண்ணைல காலைல கூட்டினா மத்தியானம் திரும்பவும் வெள்ளையாப் படிஞ்சிருக்கும். அது வெறும் மண்ணு இல்ல, உடைச்ச பாறை. நம்ம பக்கத்துக் கருங்கல்லை புவியியல்ல சார்னோக்கைட்னு சொல்லுவாங்க. கல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக் கல்லறைக் கல்லை வச்சு வந்த பேரு. அதுல குவார்ட்ஸ் இருக்கு. மோஸ் கடினத்தன்மை அளவுல குவார்ட்ஸ் 7. சாதாரண கத்தி இரும்பு ஐந்தரை சுமாருக்கு வரும். அதாவது பெரியப்பா தினமும் கத்தியை விடக் கெட்டியான தூளை, காஞ்ச துண்டால அழுத்தி பெயின்ட் மேல தேய்ச்சிருக்காரு. துண்டு எவ்வளவு மெத்துன்னு இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. கீறுறது துண்டு இல்ல.

சரி, பாலிஷ் போட்டா போயிடும்ல? போகும். ஆனா எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுக்கணும். கார் பெயின்ட்ல தகடு மேல பிரைமர், அது மேல கலர், கடைசியா நிறமே இல்லாத கிளியர் கோட். நிறைய கார்ல இந்தக் கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான். நம்ம தலைமுடி ஒண்ணு அதை விடத் தடிமன். ஸ்வர்ல் எல்லாம் இந்த லேயர்லதான் இருக்கு. கம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும்போது கீறல் ரொம்புறதில்ல. கீறலோட அடிமட்டம் வரைக்கும் சுத்தி இருக்கிற பெயின்ட்டை நாமளே இறக்குறோம். ஒரு தடவை நல்லா கம்பவுண்ட் பண்ணா ரெண்டு மூணு மைக்ரான் போகலாம், சில நேரம் அதுக்கும் மேல. போனது திரும்ப வராது. வெயிலைத் தாங்குற பொருளும் அந்தக் கிளியர் கோட்லதான் கலந்திருக்கு. அது ரொம்ப மெலிஞ்சா, நம்ம ஊரு வெயிலுக்குத் தோல் உரியுற மாதிரி உரிஞ்சு வரும். அதுக்கப்புறம் ரீபெயின்ட்தான்.

ஆறே வாஷுக்கு ஒருக்கா "ரப்பிங் பாலிஷ்" போட்டுக்கிறவங்க கொஞ்சம் யோசிங்க. இன்னொண்ணு, சில இடத்துல கிளேஸ் மாதிரி எண்ணெய்ப் பதமா ஒண்ணைத் தடவி அனுப்பிடுவாங்க. கீறல் குழியில அது ரொம்பி அப்போதைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். ரெண்டு மூணு தடவை கழுவினா பழைய குருடி கதவைத் திறடி. பாலிஷ் போட்ட இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல தண்ணி கலந்து தொடைச்சுக் காட்டச் சொல்லுங்க, உண்மை தெரிஞ்சிடும்.

நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. நாலு வருஷம் முன்னாடி ரோட்டரி மெஷின் ஒண்ணை வாடகைக்கு எடுத்து என் பழைய வண்டில விளையாடினேன். பானெட்டோட மடிப்பு விளிம்புல பத்து செகண்ட் கூட நிறுத்தியிருக்க மாட்டேன். சூடேறி, கலரைத் தாண்டி பிரைமர் எட்டிப் பார்த்துச்சு. விளிம்புல பெயின்ட் எப்பவுமே மெலிசு. இப்போ விளிம்புக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டாம மெஷினைத் தொடுறதில்ல. ரோட்டரியும் தொடுறதில்ல. சுத்திக்கிட்டே ஆடுற டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான். மெதுவா வேலை செய்யும், ஆனா சூடு கம்மி.

பெரியப்பா வண்டிக்கு முதல்ல மீட்டர் வச்சு அளந்தோம். அது மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாக் காட்டாது. ரூஃப் 118 மைக்ரான், பானெட் 96. பானெட்டுக்கு ஏற்கனவே யாரோ நல்லா பாலிஷ் போட்டிருக்காங்கன்னு புரிஞ்சுது. அதனால கடுமையான கம்பவுண்ட் வேண்டாம்னு முடிவு பண்ணேன். காலைல ஆறு மணிக்கு, வெயில் ஏறுறதுக்குள்ள, மாட்டுக் கொட்டகை நிழல்ல ஆரம்பிச்சோம். கழுவி, க்ளே பார் ஓட்டி, கதவுல ஒரு அடிச் சதுரத்துல மட்டும் ஃபைன் பாலிஷும் மெத்துன்னு இருக்கிற ஃபோம் பேடும் வச்சு டெஸ்ட் பண்ணேன். அதுவே முக்கால்வாசியை எடுத்துடுச்சு. மொதல்லயே பெரிய கம்பவுண்ட்டை எடுத்திருந்தா, அது விட்டுட்டுப் போற மங்கலான புகைமூட்டத்தை எடுக்க இன்னொரு ரவுண்டு போயிருக்கணும். எப்பவும் சாதுவானதுலேருந்து ஆரம்பிங்க. நகத்துல இடறுற கீறல் நாலஞ்சு இருந்துச்சு, அதை அப்படியே விட்டுட்டேன்.

கஷ்டமான வேலை இது இல்ல. "பெரியப்பா, இனிமே காலைல துண்டால தொடைக்காதீங்க"ன்னு சொன்னேன் பாருங்க, மூஞ்சி சுருங்கிடுச்சு. "எட்டு வருஷமா என் புள்ள மாதிரி பார்த்துக்கிட்டேன்டா, நான் கெடுத்தேங்கிறியா?" அரை நாள் என்கூடப் பேசல. பெரியம்மா சாப்பாடு போடும்போது, "அவர் கிட்ட செய்யாதன்னு சொல்லாத, செய்யறதுக்கு வேற ஏதாவது குடு"ன்னாங்க.

சாயந்திரம் ரெண்டு பக்கெட், கார் ஷாம்பு, நாலு மைக்ரோஃபைபர் துணி எடுத்து வச்சேன். முதல்ல ஹோஸ்ல தண்ணி அடிச்சுத் தூசியை ஓட விடணும். அப்புறம்தான் கை வைக்கணும். ஒரு பக்கெட்ல ஷாம்பு, இன்னொண்ணுல வெறும் தண்ணி. துணியை வெறும் தண்ணில அலசிட்டுத்தான் ஷாம்புல முக்கணும். போர் தண்ணி தானா காஞ்சா வெள்ளைப் புள்ளி விழும், அதனால உடனே ஒத்தி எடுக்கணும். வாரத்துக்கு ஒரு நாள் போதும். மத்த நாள் தூசி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், இல்லன்னா கவர் போடுங்கன்னு சொன்னேன்.

அவர் பதில் சொல்லல. எழுந்து போய் ரெண்டாவது பக்கெட் அடில கையை விட்டுத் துழாவினாரு. வெளியே எடுத்து விரல் ரெண்டையும் தேய்ச்சுப் பார்த்தாரு. நறநறன்னு சத்தம் எனக்கே கேட்டுச்சு.

கல்யாணம் வர்ற தை மாசம். போன ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணாரு. துண்டு இப்போ பெரியம்மாகிட்ட போயிடுச்சாம். மைக்ரோஃபைபர் துணியை வாஷிங் மெஷின்ல போடலாமான்னு கேட்டாரு. போடலாம், ஆனா கம்ஃபர்ட் ஊத்தாதீங்க, வேற துணியோட சேர்க்காதீங்கன்னு சொன்னேன்.